லாக்புக் தொலைந்த விமானத்துக்கு எப்படி மதிப்புப் போடுவது?

வாசகர் கேள்வி: எங்கள் தொழிற்கல்வி அறக்கட்டளைக்கு ஒரு செஸ்னா 172 நன்கொடையாக வந்திருக்கிறது. 1978ஆம் ஆண்டு மாடல், 172என். சொந்தமாக வைத்து ஓட்டிக்கொண்டிருந்தவர் காலமாகிவிட்டார். அவருடைய மனைவி எங்களுக்குக் கொடுத்திருக்கிறார். நான்கு வருடமாக ஹாங்கரிலேயே, அதாவது விமானக் கொட்டகையிலேயே, நின்ற விமானம். ஓடிய மணி நேரத்தையும் பழுதுபார்த்த வேலைகளையும் எழுதி வைக்கும் எஞ்சின் லாக்புக் கிடைக்கவே இல்லை. விமானத்தின் உடலுக்கான ஏர்ஃபிரேம் லாக்புக்கில் இரண்டாவது புத்தகம் மட்டும் இருக்கிறது, முதல் புத்தகம் இல்லை. மாணவர்கள் பழுதுபார்ப்பு கற்றுக்கொள்ள வைத்துக்கொள்வதா, விற்றுப் பணமாக்குவதா என்று இன்னும் முடிவாகவில்லை. ஆடிட்டர் மதிப்பு கேட்கிறார். கொடுத்த குடும்பமும் ஒரு மதிப்புச் சான்று எதிர்பார்க்கிறது. "விலைப் பட்டியலில் இருப்பதில் பாதியைப் போடுங்கள், லாக்புக் இல்லாவிட்டால் அதுதான் வழக்கம்" என்கிறார் ஒருவர். இன்னொரு மெக்கானிக், புது லாக்புக் எழுதித் தருவதாகவே சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்:

வணக்கம். முதலில் அந்த மெக்கானிக் சொன்னதை ஒதுக்கிவிடுங்கள். தொலைந்த லாக்புக்குக்குப் பதிலாகப் புதிய புத்தகம் திறப்பதற்கு நேர்மையான முறை ஒன்று இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் நடந்ததா என்று தெரியாத வேலைகளை நடந்ததாக எழுதிக் கையெழுத்துப் போடுவது பொய்யாவணம். நாளைக்கு அந்த விமானத்தில் ஏறி உட்காரப்போகிறவர் அந்தப் பக்கங்களை நம்பித்தான் உட்காருவார். பழுதுபார்ப்பு கற்றுத்தரும் இடத்தில் இதற்கு இடமே கொடுக்கக்கூடாது.

அடுத்து அந்தப் 'பாதி விலை' கணக்கு. பல வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருவர் பாதி என்பார், ஒருவர் மூன்றில் ஒரு பங்கு என்பார், இன்னொருவர் பத்து சதவீதம் கழித்தால் போதும் என்பார். மூன்று பேரும் வெவ்வேறு விமானங்களைப் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். எந்தப் புத்தகம் தொலைந்தது, அதில் இருந்த தகவலை வேறு எங்கிருந்தாவது மீட்க முடியுமா, மீட்க முடியாததைப் பணம் செலவு செய்து சரிக்கட்ட முடியுமா என்ற மூன்றையும் பார்க்காமல் ஒரு சதவீதத்தைச் சொல்வது ஊகம்தான். வாங்க வருபவர் உங்களிடம் நிரூபணம் உள்ள மணி நேரத்துக்கும் நிரூபணம் உள்ள வேலைக்கும்தான் பணம் கொடுப்பார். அதனால் மதிப்புப் போடுவதற்கு முன்னால் தேட வேண்டும். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், எஞ்சின் லாக்புக் இல்லாத ஒரு சிறிய விமானத்தைப் பார்த்து, எஞ்சின் ஆயுள் முடிந்ததாக வைத்து அறிக்கை கொடுத்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, அதே ஹாங்கரின் கருவி அலமாரியில், கிரீஸ் டப்பாக்களுக்குப் பின்னால் அந்த லாக்புக் கிடைத்தது. எஞ்சினை முழுக்கப் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹால் ஆகி முந்நூறு மணி நேரம்தான் ஓடியிருந்தது. அதற்குள் உரிமையாளர் என் அறிக்கையை நம்பி விற்றிருந்தார். அந்த அலமாரியைத் திறந்து பார்க்க எனக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

சரி, எங்கே தேடுவது? பெரும்பாலும் லாக்புக் தொலைவதில்லை, யாரிடமோ இருக்கிறது. கடைசியாக வருடாந்தர இன்ஸ்பெக்‌ஷன் செய்த மெக்கானிக்கிடம் முதலில் கேளுங்கள். பில் பாக்கி இருந்தால் புத்தகத்தைக் கொடுக்காமல் வைத்திருக்கும் பட்டறைகளும் உண்டு. பாக்கியைத் தீர்த்தால் புத்தகம் வந்துவிடும் என்றால், நீங்கள் செலவழிக்கும் பணத்தில் அதைவிட லாபமான செலவு இருக்காது. காப்பீட்டு நிறுவனத்துக்கு வருடா வருடம் கொடுத்த விண்ணப்பங்களில் மொத்த மணி நேரம் எழுதியிருப்பார்கள். எண்ணெயைச் சோதனைக்கு அனுப்பும் பழக்கம் இருந்திருந்தால், அந்த ஆய்வகத்தின் ஒவ்வொரு அறிக்கையிலும் எஞ்சின் ஓடிய மணி நேரம் இருக்கும். விமானத்தை அவர் வாங்கிய காலத்தில் எடுத்த புகைப்படங்களில் கருவிப் பலகை தெரிகிறதா என்று பாருங்கள். எஞ்சின் வேகத்தையும் ஓடிய மணி நேரத்தையும் காட்டும் டேக்கோமீட்டரில் உள்ள எண்ணும் படத்தின் தேதியும் சேர்ந்தால் அது நல்ல சான்று.

கையில் இருக்கும் இரண்டாவது ஏர்ஃபிரேம் புத்தகத்தையும் வரிவரியாகப் படியுங்கள். நான் பார்த்த பல புத்தகங்களில், எஞ்சினைக் கழற்றி மாட்டியது, புரொப்பல்லர் மாற்றியது, எடைச் சமநிலைக் கணக்கைத் திருத்தியது எல்லாம் ஏர்ஃபிரேம் பக்கத்திலும் ஒரு வரியாக இருந்திருக்கின்றன. "ஓவர்ஹால் செய்த எஞ்சின் பொருத்தப்பட்டது" என்று தேதியோடும் பட்டறை முத்திரையோடும் ஒரு வரி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. எஞ்சினின் பெயர்ப் பலகையில் உள்ள சீரியல் நம்பரைச் சொல்லி அந்தப் பட்டறையில் கேட்டால், பழைய வேலை ஆணையின் நகல் கிடைக்க வாய்ப்பு உண்டு. டேக்கோமீட்டரை மாற்றியதாக எங்காவது குறிப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மாற்றியிருந்தால் இப்போது முகப்பில் தெரியும் எண்ணுக்குத் தனியாக எந்த அர்த்தமும் கிடையாது. ஹாப்ஸ் மீட்டர் என்று தனியாக ஒன்று இருந்தால் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஹாப்ஸ் கடிகாரம் போல ஓடும். டேக்கோமீட்டர் எஞ்சின் சுற்றும் வேகத்துக்கு ஏற்றபடி மணி நேரத்தைக் கூட்டும், மெதுவாக ஓடும்போது குறைவாகவே கூட்டும்.

விமானம் எப்போதாவது அமெரிக்கப் பதிவில் இருந்திருந்தால் இன்னொரு வழியும் உண்டு. அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ, ஒவ்வொரு விமானத்துக்கும் ஓக்லஹோமா சிட்டியில் கோப்பு வைத்திருக்கிறது. கேட்டால் யாருக்கும் நகல் கொடுப்பார்கள். பெரிய பழுதுகளுக்கும் மாற்றங்களுக்கும் தாக்கல் செய்யும் 337ஆம் எண் படிவங்கள் அதில் இருக்கும். உங்களிடம் இல்லாத முதல் புத்தகத்தின் காலத்தில் இறக்கை மாற்றினார்களா, விபத்துக்குப் பின் உடல் சீரமைத்தார்களா என்பதற்கு நல்ல சான்று இதுதான். அமெரிக்க விபத்து விசாரணை வாரியமான என்டிஎஸ்பியின் பதிவுகளும் 1962 முதல் பொதுவில் கிடைக்கின்றன. தேடும்போது பதிவு எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், அது மாறக்கூடியது. சீரியல் நம்பர் மாறாது, அதையும் வைத்துத் தேடுங்கள்.

எல்லாம் தேடியும் கிடைக்காவிட்டால்தான் நான் முதலில் சொன்ன நேர்மையான முறை. எஃப்ஏஏவின் ஏசி 43-9சி என்ற வழிகாட்டியே இதைச் சொல்கிறது. பட்டறைகளிலும் மெக்கானிக்குகளிடமும் உள்ள பதிவுகளை வைத்து மொத்த மணி நேரத்தை மீட்கப் பார்க்க வேண்டும். முடியாதபோது, புத்தகம் தொலைந்த விவரத்தையும், தேடிய விதத்தையும், அதிலிருந்து கிடைத்த மணி நேர மதிப்பீட்டையும் உரிமையாளர் நோட்டரியின் சான்றுறுதி பெற்ற ஓர் அறிக்கையாகப் புதிய புத்தகத்தில் எழுதலாம். இதில் எதுவும் மறைக்கப்படவில்லை, மதிப்பீடு மதிப்பீடாகவே எழுதப்படுகிறது. உங்கள் விமானம் வேறு நாட்டுப் பதிவில் இருந்தால் அந்த நாட்டு ஆணையத்திடம் இதற்கு என்ன நடைமுறை என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மணி நேரத்தை மதிப்பிட்டுவிடலாம், பறப்புத் தகுதி ஆணைகளை அப்படி மதிப்பிட முடியாது. ஏடி என்று சுருக்கமாகச் சொல்வார்களே, பாதுகாப்புக் குறை தெரிந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள் என்று ஆணையம் போடும் உத்தரவு, அதுதான். ஒரு ஏடியை நிறைவேற்றியதற்குச் சான்று இல்லை என்றால், அதை நிறைவேற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு மறுபடி பார்க்க வேண்டும். உங்கள் விமானத்திலேயே இரண்டு உதாரணம் சொல்கிறேன். செஸ்னாவில் விமானியின் இருக்கை தண்டவாளத்தில் இருந்து நழுவும் பிரச்சினைக்கு 1987இல் ஒரு ஏடி வந்தது, 2011இல் அதற்குப் பதிலாக இன்னொன்று வந்தது. இதற்குப் பழைய காகிதம் இல்லாவிட்டாலும் பெரிதாகக் கெட்டுப்போகாது. தண்டவாளத்தையும் பூட்டுப் பின்னையும் இப்போது சோதித்து எழுதிவிடலாம், சில மணி நேர வேலை.

எஞ்சின் விஷயம் அப்படி இல்லை. 172என் ஃபாக்டரியில் இருந்து வந்தபோது அதில் லைகமிங் ஓ-320-எச்2ஏடி எஞ்சின் இருந்தது (பெயரில் உள்ள 'ஏடி'க்கும் மேலே சொன்ன ஆணைக்கும் தொடர்பில்லை). வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம்ஷாஃப்டும் டேப்பட்டும் சீக்கிரம் தேய்வதால் பெயர் கெட்டுப்போன எஞ்சின் அது. 1980இல் வந்த ஏடி, எண்ணெயில் லைகமிங்கின் குறிப்பிட்ட ஒரு சேர்மானத்தைத் தொடர்ந்து சேர்க்கச் சொன்னது. ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றும்போதும் அதைச் சேர்த்தார்களா என்பதற்கு எஞ்சின் லாக்புக்கைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அதோடு நான்கு வருடம் நின்ற எஞ்சின். லைகமிங்கில் கேம்ஷாஃப்ட் மேலே இருக்கிறது. எண்ணெய் முழுக்க வடிந்து கீழே போய்விடும், ஈரக்காற்று பட்டால் துருப்பிடிக்கும். நல்ல வேளையாக, இந்த எச் ரகத்தில் எஞ்சினின் உடற்கூடான கிரேங்க்கேஸைப் பிரிக்காமலேயே டேப்பட்டுகளை எடுத்துப் பார்க்கலாம். மதிப்பீட்டாளர் வருவதற்கு முன்பே ஒரு நல்ல மெக்கானிக்கை வைத்து அதைச் செய்யுங்கள். சிலிண்டர்களுக்குள் போர்ஸ்கோப் என்ற சிறு கேமராவை விட்டுப் படம் எடுங்கள், சிலிண்டர் காற்றழுத்தத்தை எவ்வளவு தாங்குகிறது என்று கம்ப்ரெஷன் பாருங்கள். இந்தச் சோதனைகளுக்கு முன்னால் யாரும் ஆர்வத்தில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம். துருவேறிய கேமும் டேப்பட்டும் உரசினால் மிச்சமிருக்கும் மதிப்பும் போய்விடும்.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும். கம்ப்ரெஷன் 80க்கு 75 என்று அழகாக வந்தாலும், ஓவர்ஹால் எப்போது ஆனது என்பதற்கு அது சான்றாகாது. இந்த எஞ்சினுக்கு லைகமிங் சொல்லும் ஓவர்ஹால் இடைவெளி 2,000 மணி நேரம் அல்லது 12 வருடம். நிரூபிக்க முடியாத எஞ்சினை அந்த எல்லையைத் தொட்டதாகவே நான் எடுத்துக்கொள்வேன். சோதனைகள் நன்றாக வந்தால், ஓவர்ஹால் செய்யும்போது எவ்வளவு பாகத்தைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதில் அது பலன் தரும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். இதே மாடல், இதே வருடம், இதே மணி நேரம், எல்லாப் புத்தகமும் உள்ள ஒரு விமானம் நன்கொடை கொடுத்த தேதியில் என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதில் தொடங்க வேண்டும். விலைப் பட்டியல்கள் பதிவுகள் முழுமையாக இருக்கின்றன, பெரிய விபத்து இல்லை என்ற அனுமானத்தில்தான் எண் சொல்கின்றன, அதனால் அது தொடக்கம் மட்டுமே. அதை 100 என்று வைத்துக்கொள்வோம். விளக்கத்துக்காகத்தான் இந்த எண்கள், உங்கள் விமானத்துக்கு இதை அப்படியே போடாதீர்கள். பாதி ஆயுள் உள்ள எஞ்சினுக்கும் ஆயுள் முடிந்த எஞ்சினுக்கும் உள்ள வித்தியாசம் 25 என்றால் 75 மிச்சம். ஏடிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதுவதற்கும் முழு இன்ஸ்பெக்‌ஷனுக்கும் 12 ஆகும் என்று மெக்கானிக் எழுத்தில் கொடுத்தால் 63. இவை எல்லாம் பணம் கொடுத்துச் சரிசெய்யக்கூடியவை. சரிசெய்தாலும் போகாத ஒன்று இருக்கிறது. முதல் ஏர்ஃபிரேம் புத்தகம் இல்லை என்பது அடுத்தடுத்து வாங்குபவர்களுக்கும் தெரிந்துகொண்டே இருக்கும், அந்தத் தயக்கத்துக்கும் ஒரு விலை உண்டு. எஃப்ஏஏ கோப்பு சுத்தமாக வந்து, உடலிலும் பழுதின் தடயம் இல்லை என்றால் அது சிறியதாக இருக்கும். முன்சக்கரம் பலமாக மோதிய 172களில், எஞ்சினுக்குப் பின்னால் உள்ள ஃபயர்வால் தகடு நெளிந்திருக்கும். ஃபாக்டரி வரிசையோடு சேராத ரிவெட்டுகள், ஒரு தகட்டில் மட்டும் வேறு சாயலில் பெயின்ட் என்று தெரிந்தால், காகிதம் இல்லாத அந்தப் பழுதுக்காக இன்னும் கூடுதலாகக் கழிக்க வேண்டியிருக்கும்.

நான் அதிகமாகப் பார்க்கும் தவறு இங்கேதான் நடக்கிறது. எஞ்சின் லாக்புக் இல்லாததால் எஞ்சினை ஆயுள் முடிந்ததாக வைத்துக் கழித்துவிட்டு, பிறகு 'லாக்புக் இல்லாததற்காக' என்று மொத்த விலையிலும் ஒரு பாதியைக் கழிப்பார்கள். ஒரே குறைக்கு இரண்டு முறை அபராதம். அப்படிச் செய்தால் சில சமயம் விமானம், பிரித்து விற்கும் பாகங்களின் விலைக்கும் கீழே போய்விடும். எண் அங்கே போனால் கணக்கில் எங்கோ பிழை என்று அர்த்தம். எஞ்சினைப் பொறுத்தவரை அந்தக் குறைக்கு முழு மருந்தே இருக்கிறது. உற்பத்தியாளரே மறுகட்டுமானம் செய்த எஞ்சினுக்கு, முந்தைய ஓட்டத்தைச் சேர்க்காமல் பூஜ்ஜியத்தில் இருந்து புதிய புத்தகம் தொடங்க எஃப்ஏஏ விதி அனுமதிக்கிறது. அதை வாங்கிப் பொருத்தினால் பழைய எஞ்சின் புத்தகம் தொலைந்த கதை அன்றோடு முடிகிறது. ஏர்ஃபிரேமுக்கு இந்த வசதி கிடையாது.

இதெல்லாம் உங்கள் விமானம் எளிமையான ஒன்று என்பதால்தான். இதே கேள்வியை ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டருக்குக் கேட்டிருந்தால் என் பதில் மூன்று வரியில் முடிந்திருக்கும். அதில் ஆயுள் வரம்புள்ள பாகங்கள் நிறைய, 2,200 மணி நேரத்துக்கு ஒருமுறை முழு ஓவர்ஹால். பதிவு இல்லாத சுழல் தகடு (மேலே சுழலும் இறக்கை) எவ்வளவு நேரம் ஓடியது என்று எந்தச் சோதனையும் சொல்லாது, அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஜெட் எஞ்சினுக்குள் சுழலும் டிஸ்க்குகளும் அப்படித்தான், பிறந்த நாளில் இருந்து இன்றுவரை பதிவில் தொடர்ச்சி வேண்டும்.

உங்களுக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: மறுபடி பறக்க வைப்பது, பிரித்துப் பாகங்களாக விற்பது, வகுப்பில் நிறுத்தி மாணவர்களுக்குக் கற்றுத்தருவது. மூன்றுக்கும் தனித்தனியாக எண் போட்டுப் பாருங்கள். பாகங்களாக விற்கும்போதும் காகிதம் தேவை. சோதித்து, பொருத்தத் தகுதியானது என்ற விடுவிப்புச் சான்று வாங்கிய பாகத்துக்கு உள்ள விலை, சான்று இல்லாத பாகத்துக்குக் கிடைக்காது. அந்தச் சோதனைச் செலவையும், பிரிக்கும் கூலியையும், விற்று முடிய ஆகும் காலத்தையும் கழியுங்கள். வகுப்பறைக்கு என்றால் லாக்புக் இல்லாதது பெரிய குறையே அல்ல, மாணவர் பிரித்துப் பூட்டுவதற்கு ஓடிய மணி நேரம் எதற்கு? ஆனால் உங்களுக்கு அது எவ்வளவு பயன்படும் என்பது சந்தை மதிப்பாகாது. விருப்பமுள்ள ஒருவர், கட்டாயம் இல்லாத ஒருவரிடம், எல்லா விவரமும் தெரிந்து என்ன கொடுப்பார் என்பதுதான் சந்தை மதிப்பு. மூன்றில் எது செலவு போக அதிகம் தருகிறதோ அதுதான் வழக்கமாக அந்த எண்ணாக நிற்கும். வகுப்பறைதான் என்று முடிவெடுத்தாலும் ஓவர்ஹாலுக்குச் செலவு செய்யும் முன் முடிவெடுங்கள்.

குடும்பத்துக்குக் கொடுக்கும் சான்று பற்றி. உங்கள் அறக்கட்டளை தர வேண்டியது பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை: மாடல், சீரியல் நம்பர், தேதி, கையில் வந்த புத்தகங்கள் எவை, வராதவை எவை. மதிப்பை நீங்கள் எழுதாதீர்கள், பெற்றுக்கொண்டவர் மதிப்புச் சொல்வது இருவருக்கும் நல்லதில்லை. அமெரிக்க வரிச் சட்டம் இதில் கண்டிப்பானது. கொடுத்தவர் 5,000 டாலருக்கு மேல் வரிக் கழிவு கேட்டால் பொதுவாகத் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும், கொடுத்தவரோ பெற்றவரோ அந்த மதிப்பீட்டாளராக இருக்கக்கூடாது, அவருடைய கட்டணம் மதிப்பில் ஒரு சதவீதமாக இருக்கக்கூடாது. 2005 முதல், நன்கொடை விமானத்தை அந்த அமைப்பு குறிப்பிடத்தக்க அளவு பயன்படுத்தாமலோ மேம்படுத்தாமலோ விற்றுவிட்டால், பொதுவாக விற்ற தொகைக்கு மேல் கழிவு கிடையாது. உங்களுக்குப் பொருந்தும் சட்டத்தை ஆடிட்டர் சொல்வார். அதில் என்ன இருந்தாலும், கட்டணத்தை மதிப்போடு கட்டிவைக்கும் மதிப்பீட்டாளரை நான் வைத்துக்கொள்ள மாட்டேன்.

ஆளைத் தேடும்போது, ஐஸ்டாட் போன்ற விமான வர்த்தகச் சங்கத்தின் சான்று உள்ளவரா, உங்கள் விமானம் போன்ற சிறியவற்றை மதிப்பிட்ட அனுபவம் உள்ளவரா என்று இரண்டையும் கேளுங்கள். பெரிய பயணிகள் விமானத்தை மதிப்பிடுபவருக்கு எச்2ஏடி கேம்ஷாஃப்ட் கதை தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அறிக்கையில் "பதிவுகள் இல்லை" என்று ஒரே வரியில் முடித்தால் திருப்பிக் கொடுங்கள். எந்தப் புத்தகம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை பார்க்கப்பட்டது, எது "பார்வைக்குக் கிடைக்கவில்லை", எஞ்சின் மணி நேரத்துக்கு என்ன அனுமானம் வைக்கப்பட்டது என்பதெல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். பின்னால் புத்தகம் கிடைத்தால் எந்த வரியை மாற்றிக் கணக்குப் போட வேண்டும் என்று அப்போதுதான் தெரியும். ஆடிட்டர் அவசரப்படுத்தாவிட்டால், தேடலுக்கு ஒரு மாதமாவது விட்டுவிட்டு மதிப்பீட்டாளரைக் கூப்பிடுங்கள். நன்கொடை கொடுத்த தேதியின் மதிப்புதான் கணக்கு என்பதால் அந்த ஒரு மாதத்தால் தேதி நகராது. ஆனால் உங்கள் நாட்டில் சான்றுக்குக் காலக்கெடு உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நீங்கள் கடிதத்தில் சொல்லாத ஒரு புத்தகம் இருக்கிறது. அந்த விமானியின் சொந்தப் பறப்புப் பதிவேடு. விமானிகள் தாங்கள் பறந்த நேரத்தைத் தேதி, பதிவு எண், மணி நேரத்தோடு எழுதி வைப்பது வழக்கம். அவர் ஒருவரே இந்த விமானத்தை ஓட்டியிருந்தால், அவர் வாங்கிய நாளில் இருந்து ஓடிய நேரம் கிட்டத்தட்ட முழுமையாக அதில் இருக்கும். சிலர் ஓரத்தில் "எண்ணெய் மாற்றியது", "ஓவர்ஹாலுக்குப் பின் முதல் பறப்பு" என்றும் குறித்திருப்பார்கள். அது அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். அவருடைய மனைவிக்கு அது கணக்குப் புத்தகம் இல்லை, அதனால் போனில் கேட்காமல் நேரில் போய்க் கேளுங்கள். அங்கேயே உட்கார்ந்து பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டு, புத்தகத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.